இலவம்பஞ்சு மெத்தையும் மூட்டைத் தையலும்

தொங்குகிற நூலைப் பார்த்துவிட்டு இழுக்காமல் போகிற மனிதர் இந்த உலகத்தில் கிடையாது. படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை, எல்லோரும் இழுப்பார்கள். நூலின் நுனியில் ஒரு குஞ்சமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் பெரிய உண்மையை நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், என் அக்கா கலாவின் பெண் அழைப்பு அன்று கற்றுக்கொண்டேன். நூலைத் தொங்கவிட்டவளும் நான்தான். குஞ்சம் கட்டியவளும் நான்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. கள்ளக்குறிச்சியில் மூன்று மாதத் தையல் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். (பாவாடை, ஜாக்கெட், தலையணை உறை, இவ்வளவுதான் பாடம். ஜாக்கெட் நடத்திய வாரம் எனக்குக் காய்ச்சல்.) அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் யார் எதை வாங்கப் போனாலும் "காசு குடுத்து இத வாங்கணுமா? நானே தெச்சிடுவேன்" என்று குறுக்கே விழுவேன். அம்மாவின் பழைய புடவையில் மிதியடி தைத்தேன். அப்பாவின் கிழிந்த பேன்ட்டில் கடைக்குப் போகிற பை தைத்தேன். ரேடியோவுக்குக்கூட ஒரு சட்டை தைத்தேன். சூடான பாத்திரம் இறக்க ஒரு பிடிதுணி தைத்து அதில் ரோஜாப்பூ போட்டேன். அது முதல் நாளே அடுப்பில் விழுந்து எரிந்துபோனது. தெரியாமல்தான் போட்டேன் என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறார்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை நல்லவர், வாய் திறக்காதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அத்தை சரோஜா பேசுவார். அவர்தான் மாப்பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர், அந்த வீட்டிலேயே இருப்பவர். நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டுப் பிழைக்கிற குடும்பம். அந்த வருஷம் கரும்பும் சரியில்லை. கூடத்தில் அத்தனை பேர் இருக்க, சரோஜா அத்தை சொன்னார்:

"நகநட்டு போடுங்கன்னு நாங்க கேக்கல. கட்டிலு, மெத்த, தலகாணியாவது உருப்படியா போடுவீங்களா? அதுகூட இல்லாம வூட்டுக்கு வந்தா எங்க சனம் இன்னா பேசும்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் வாழப்போவது அந்த அத்தையோடு ஒரே கூரைக்குக் கீழே. முதல் நாளே மெத்தை சரியில்லை என்ற பேச்சோடு உள்ளே போனால் அந்தப் பேச்சு அவளுடைய பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடும். எனக்கு ரத்தம் கொதித்தது.

"போடுவோம் அத்த. கடையில விக்கிறதவிட நல்லதா போடுவோம். நானே தெப்பேன்!" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பிடிதுணி தெரிந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். மெத்தைக் கடைக்காரர் சொன்ன விலையை ஒருமுறை கேட்டதிலேயே அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. கல்வராயன் மலையில் இலவம்பஞ்சு மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அக்காவும் நானும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினோம். சந்தையில் காயாகவே மூட்டை கட்டி விற்றார்கள். ஆறு மூட்டை வாங்கி பஸ் மேல் போட்டோம். மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் நடத்துநர் எட்டிப் பார்த்து, "மேல மூட்ட இருக்குதா, பறந்துடுச்சா?" என்று எங்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பஞ்சிலிருந்து கொட்டை பிரிப்பது இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும். ஃபேன் போடக் கூடாது. கூடையில் பஞ்சைப் போட்டு மோர் கடைகிற மத்தால் கடைய வேண்டும். கடையக் கடையக் கறுப்புக் கொட்டைகள் அடியில் இறங்கும். நான் இரண்டு நாளில் அலுத்துப்போய், "கொஞ்சம் கொட்ட இருந்தா இன்னாக்கா? உள்ள யாரு பாக்கப் போறா?" என்றேன். அக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு, "ஒரு கொட்ட இருந்தாலும் நான் படுக்க மாட்டேன்" என்றாள். சாதுவானவள்தான். ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. அவளால்தான் பதினைந்து நாள் கடைந்தோம். (அந்தப் பதினைந்து நாளும் எங்கள் வீட்டில் மோர் இல்லை. அப்பா சோற்றைப் பார்த்துத் தும்மினார்.) கடைசியில் கிடைத்த பஞ்சு, பார்த்தாலே தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

பிறகு தையல். இங்கேதான் நான் என் அறிவைக் காட்டினேன். மெத்தைத் துணி முரட்டுத் துணி. பக்கத்து வீட்டு மிஷினில் வைத்தேன், ஊசி உடைந்தது. இன்னொரு ஊசி மாட்டினேன், அதுவும் உடைந்தது. மூன்றாவது ஊசிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் மிஷினுக்கு மூடி போட்டுப் பூட்டிவிட்டார். கையால் தைக்க எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா அரிசி மில்லில் வேலை பார்த்தார். அங்கே அரிசி மூட்டையின் வாயைத் தைக்க, கையில் பிடிக்கிற ஒரு சின்ன மிஷின் உண்டு. கரண்டில் ஓடும். மாமா முதலாளியிடம் சொல்லிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வந்தார்.

"எழுபத்தஞ்சு கிலோ அரிசியையே தாங்குது. பஞ்சத் தாங்காதா?" என்றார்.

எனக்கும் அது சரியான நியாயமாகப்பட்டது. டர்ர்ர் என்று ஒரு இழுப்பில் ஒரு தலையணை. அரை மணி நேரத்தில் ஒரு மெத்தையும் நான்கு தலையணையும் முடிந்துவிட்டன. தையல் முடிகிற இடத்தில் சாண் நீளத்துக்கு நூல் தொங்கியது. அதை வெட்டலாமே என்று எந்தத் தையல்காரியும் நினைப்பாள். நான் நினைக்கவில்லை. அழகாயிருக்கட்டும் என்று ஒவ்வொரு நூலின் நுனியிலும் சிவப்பு உல்லனில் ஒரு குஞ்சம் கட்டினேன்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்னைத் திட்டலாம், உரிமை உண்டு. அரிசி மூட்டையைப் பிரித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், அந்தத் தையலில் சரியான முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் சர்ர்ர் என்று மொத்தமும் அவிழ்ந்துவிடும். மூட்டை அப்படித்தான் திறக்கும். எங்கள் வீட்டில் மூட்டை வந்தால் அந்த நூலை யார் இழுப்பது என்று அக்காவுக்கும் எனக்கும் சின்ன வயதில் அடிதடியே நடக்கும். நகத்தால் கீறிய தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட நான், அதே மிஷினில், அதே நூலில் என் அக்காவின் மெத்தையைத் தைத்து, இழுப்பதற்கு வசதியாகக் கைப்பிடியும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பெண் அழைப்பு அன்று சாயங்காலம் மண்டபத்தில் சீர்வரிசையை அடுக்கிவைத்தோம். கட்டிலின் மேல் என் மெத்தை. அதன் மேல் நான்கு தலையணைகள், குஞ்சம் உறைக்கு வெளியே தொங்க. உறையில் நான் கிளி போட்டிருந்தேன். (பார்த்தவர்கள் கத்தரிக்காய் நல்லா இருக்குது என்றார்கள்.) பக்கத்தில் ஆள் உயர ஃபேன் ஒன்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

சரோஜா அத்தை ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்டாவை விரலால் தட்டி ஓசை பார்த்தார். குத்துவிளக்கைத் தூக்கிக் கனம் பார்த்தார். அப்புறம் மெத்தைக்கு வந்தார். ஒரு கையால் அமுக்கினார். இரண்டு கையாலும் அமுக்கினார். ஏறி உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

"பரவால்லியே. மெத்துனுதான் கீது" என்றார்.

எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த ஒரு நிமிடத்தோடு விழா முடிந்திருக்கக் கூடாதா?

"இன்னா பொண்ணே, தலகாணிக்கு வாலு வெச்சிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே அத்தை ஒரு குஞ்சத்தைப் பிடித்து இழுத்தார்.

சர்ர்ர்.

அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அல்லவா! தலையணை வாயைப் பிளந்தது. பஞ்சு மெதுவாக எழுந்து வந்து ஃபேனைப் பார்த்தது. அப்புறம் ஃபேன் அதைப் பார்த்துக்கொண்டது.

"அத்த, இழுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். அவர் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் கை மெத்தையின் குஞ்சத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்தான் முந்திக்கொண்டு குஞ்சத்தைப் பிடுங்கினேன். ஆம், தலையணையை அவிழ்த்தவர் அத்தை. ஆறு மூட்டைப் பஞ்சு இருந்த மெத்தையை அவிழ்த்தவள் நான்.

அதன் பிறகு யாருக்கும் யாரையும் தெரியவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்த நேரம் பஞ்சும் சேர்ந்து உள்ளே போய், ராகம் பாதியில் தும்மலாக முடிந்தது. மாப்பிள்ளைக்கு மீசை நரைத்துவிட்டது. "ஃபேன நிறுத்துங்கடா!" என்று மாமா கத்த, யாரோ அவசரத்தில் மண்டபத்தின் மற்ற ஃபேன்களையும் போட்டுவிட்டார்கள். போட்டோகிராபர் மட்டும் தன் வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு வராது என்று படமாக எடுத்துத் தள்ளினார்.

ஒருவழியாக எல்லாம் நின்றது. பஞ்சு மெல்ல இறங்கியது. நடுவில் சரோஜா அத்தை தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார். கண் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் திமிரால் அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையிலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அத்தை வாயில் இருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு ஆரம்பித்தார்: "இதான் உங்க வூட்டு மெத்தையா? நாலு பேரு எதிர்ல..."

"அத்த." மேடையிலிருந்து அக்காவின் குரல். மணப்பெண் அந்த நேரத்தில் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்றிருந்தாள்.

"கடையில வாங்குற மெத்தைக்குள்ள இன்னா கீதுன்னு எந்தக் கல்யாணத்துலயாவது பாத்துருக்கீங்களா? இங்க எல்லாரும் பாத்துட்டீங்க இல்ல? தேடிப் பாருங்க. ஒரே ஒரு கொட்ட கெடச்சாலும் இந்த மெத்தய நாங்க திருப்பி எடுத்துக்கினு போயிடறோம்."

எட்டாம் நாள் அவள் தூங்கியபோது நான் ஒரு கூடையை அரைகுறையாகக் கடைந்தது எனக்குத்தான் தெரியும். (அதை அவள் மறுபடி கடைந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.) மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குனிந்து பார்த்தார்கள். அத்தை ஒரு கை அள்ளிக் கசக்கினார். முந்தானையை உதறினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஒரு கொட்டை இல்லை.

கூட்டத்தில் ஒரு அம்மாள் சொன்னார்: "ஏன் சரோஜா, உன் பொண்ணுக்கு வாங்கின மெத்தையில பஞ்சுக்குப் பதிலா பனியன் துணி வந்துச்சே, மறந்துட்டியா?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் மாப்பிள்ளை சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு மண்டபமே சிரித்தது. சரோஜா அத்தை எல்லோரையும் முறைத்துப் பார்த்தார். முறைத்தபோது மூக்கின் மேல் இருந்த பஞ்சு பறந்து, அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? அள்ளுங்கடி! சுத்தமான பஞ்சு, வீணாப் போவுது!" என்றார்.

இரண்டு வீட்டுப் பெண்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அள்ளினோம். அதற்குள் மாமா பக்கத்துக் கடையில் கோணி ஊசியும் சணலும் வாங்கி வந்தார். திறந்த வாய் மறுபடி பிளக்காமல் இருக்க அத்தை மெத்தையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் தைத்துக்கொண்டே வர, அவர் சாண் சாணாக நகர்ந்தார். நான்கு பக்கமும் சுற்றி முடித்தபோது எனக்கு விரல் வீங்கிவிட்டது. அந்தத் தையலை எந்த அரிசி மில்லாலும் பிரிக்க முடியாது. கடைசி முடிச்சை அத்தை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். அப்பாவிடம் திரும்பி, "சம்பந்தி, மெத்த உருப்படியாத்தான் போட்டுக்கீறீங்க" என்றார். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

அக்கா அந்த வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போனாள். இன்றைக்கு அந்த வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. அத்தை வெள்ளையாக நிற்கிற படம் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. தாலி கட்டுகிற படம் நான்காவது பக்கம்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுச் சொந்தத்திலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சீர்வரிசையில் ஒரு தலையணையின் வாயைத் தைக்காமல்தான் கொண்டுபோவோம். ஃபேனை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் பஞ்சைக் காட்டி, அங்கேயே என்னை உட்கார வைத்துத் தைக்கச் சொல்வார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் புதுச் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், "இது இன்னா சம்பிரதாயமுங்க? நாங்க கேள்விப்பட்டதே இல்லியே" என்று கேட்டார்.

சரோஜா அத்தை கொஞ்சமும் கூசாமல், "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இருக்குதுங்க" என்றார். சொல்லிவிட்டு, நான் அப்போதுதான் முடிச்சுப் போட்டிருந்த நூலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். மண்டபத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.