வேண்டாம் என்று சொன்ன தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

தாகத்தோடு நிற்கும்போது ஒருவர் தண்ணீர் நீட்டினால், அவர் மனம் நோகாமல் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? மூன்று நாளாக நடக்கிறேன், இன்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நான் நலம், உன் முட்டி நலமா என்று முறைப்படி முதலில் கேட்டிருக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்த காலை நீட்டித்தான் வைத்திருக்கிறாய் என்று நம்புகிறேன்.

"ஒரு வருஷம் மட்டும் என் பாதயாத்திரைக் குழுவைக் கூட்டிட்டுப் போடி, சாமி மேல நம்பிக்கை வேண்டாம், வழி தெரிஞ்சா போதும்" என்றாய். சரி என்றேன். ஆனால் போன வருடம் நீங்கள் நடந்துபோன மறுநாள் அந்தச் சாலையில் பஸ்ஸில் வந்தவள் நான். இரண்டு ஓரமும் காலி பாட்டில்கள். அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் எதுவும் நம் குழுவில் இருக்கக் கூடாது. முப்பத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரைப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். டம்ளர்கள் மோதிய சத்தத்தில், நாங்கள் போன தெருவிலெல்லாம் பாத்திரக்காரன் வந்துவிட்டான் என்று பெண்கள் கதவைத் திறந்தார்கள்; ஒரு அம்மா ஓட்டை வாணலியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிஸ்கட்டைப் பாக்கெட்டிலிருந்து பிரித்துத் துணிப்பையில் போடச் சொன்னேன். ஐந்து கிலோமீட்டரில் அது மாவாகிவிட்டது. ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டே, "மேடம், கொள்கை ருசியா இருக்கு" என்றார். அவரைத்தான் கண்காணிப்புக்குப் போட்டிருந்தேன். மனிதருக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த சந்தோஷம், யாராவது கடைப் பக்கம் ஒதுங்கினால் போதும், விசில் ஊதிவிடுவார்.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். கூட வரும் வேனில் பெரிய டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தோம். அதன் குழாய் சொட்டிச் சொட்டி, நண்பகலில் டிரம் காலி. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பந்தல், ஐஸ் பெட்டி, அடுக்கடுக்காகத் தண்ணீர் பாட்டில். முன்பு லாரி ஓட்டிய டிரைவர் ஒருவர் பந்தலிலிருந்து ஓடி வந்தார். "வாங்கம்மா வாங்க! அக்கா எங்க? அவங்க குடிச்சப்புறம்தான் மத்தவங்களுக்கே குடுப்பேன்" என்றார். முட்டியைப் பற்றிச் சொன்னேன். "அடடா. அப்ப நீங்க குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார். விசில் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பில் பேசுவதுபோல மூன்று நிமிடம் பிளாஸ்டிக் மக்காமல் கிடப்பதைப் பற்றிப் பேசினேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் இதெல்லாம் படிக்கலம்மா. தப்புன்னு தெரியாது" என்றார். முப்பத்திரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு, அடுத்த ஊர்க் குழாயைத் தேடி நடந்தோம். திரும்பிப் பார்த்தேன். அடுக்கிய பாட்டில்களை மறுபடி பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தங்கிய இடத்தில், நம் தையல்காரம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி, "அந்த டிரைவர் சம்சாரம் ஒருதடவை இந்த ரோட்டுல மயங்கி விழுந்துட்டாங்க. யாரோ ஒருத்தர் தண்ணி குடுத்து எழுப்பினாராம். சாகுறவரைக்கும் அந்த அம்மா அதையே சொல்லிட்டு இருந்தாங்க. அதான் பதினோரு வருஷமா இவர் குடுக்குறார். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும். எந்தத் திருப்பத்தில் நாய் கடிக்கும் என்றுகூட எழுதிக் கொடுத்தாயே, இதை ஏன் எழுதவில்லை?

நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மூன்று நாளில் நம் குழு ஒரு பாட்டில்கூடத் தொடவில்லை; இதையும் உண்மைக்காக எழுதுகிறேன். ஆனால் பதினோரு வருடம் கொடுத்தவரின் கையை நான் மடக்கிவிட்டேன். நாளை குழுவை ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். நீ திட்டுவதற்குத் தயாராக இரு.

உன் கால் சீக்கிரம் மடங்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம். அவரை மாடிப்படி ஏறவிட்டு நீ உட்கார்ந்திரு.

அன்புடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையில் பஸ் நிறுத்தம் வரை குழுவோடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு சின்ன வண்டி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. அந்த டிரைவர்தான். பின்னால் மூடி போட்ட பெரிய அண்டா. "கல்யாண மண்டபத்துல இரவல் வாங்கினேன். இப்பக் குடிக்கலாம்ல?" என்றார். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். "எங்க பிடிக்கிறது? முந்நூறு பாட்டிலையும் ஒவ்வொண்ணாத் திறந்து ஊத்தினேன். விரல் நகமே போச்சு. பாருங்க, ஒரு பிளாஸ்டிக் இல்ல!" காலி பாட்டில்? "வீட்டுல ஆறு மூட்டை. உங்க கண்ணுல படாதும்மா, கவலைப்படாதீங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார்; தையல்காரம்மா அவர் காலை மிதித்தார். முப்பத்திரண்டு பேரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். அடுத்த வருடம் குழாய்த் தண்ணீரே போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்னும் கேட்கிறேன் என்று நினைத்து அவர் என் டம்ளரை மறுபடி நிரப்பிவிட்டார். அதையும் குடித்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி எல்லோரோடும் நடந்தேன்.