இடது ஸ்பீக்கர் விஷயமாகச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளையும், என் மகளும், தற்சமயம் தங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவியும், அவளுடைய தையல் மெஷினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த விஷயத்தைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் மகளைக் கூப்பிட்டால் அவள் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். (அந்த ஸ்பீக்கரின் தரத்தைப் பற்றி இங்கே எதுவும் சொல்ல விரும்பவில்லை.) போன வாரம் அப்படித்தான், "அப்பா, உங்களுக்கு வால்வு முக்கியமா, அம்மா முக்கியமா?" என்று கேட்டாள். நான், "எந்த வால்வு?" என்று கேட்டேன். கேட்டதில் என்ன தவறு? உத்தியோக காலம் முழுக்க எடையளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவன் நான். எதை எதோடு ஒப்பிடச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் எடை போட்டதில்லை. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மனைவி தங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாது. நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றபோது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று தாங்கள் அன்போடு அந்த வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள் அல்லவா, அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். சுவிட்சைப் போட்டதும் வால்வு என்கிற அந்தக் கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சிவந்து எரிவதைப் பார்த்து என் மனைவி, "அழகா இருக்குங்க. கரண்டு போனா இதை வச்சு ஊசியில நூல் கோர்க்கலாம்" என்றாள். கரண்டு போனால் இதுவும் போய்விடும் என்று நான் விளக்கினேன். அதோடு அவளுடைய ஆர்வம் குறைந்துவிட்டது. பிறகு நான் இசைத்தட்டை வைத்தேன். வயலின் வாசிப்பவர் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது போலக் கேட்டது. தங்களிடம் சொன்னேன். தாங்கள் என் பழைய ஸ்பீக்கர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆம்ப் மேல தப்பே இல்ல. அதுக்கு ஏத்தது இது இல்ல, சம்பந்தி" என்றீர்கள். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஆனால் முதல் தடவை கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

சிறிய சக்தியுள்ள ஆம்ப்புக்குப் பெரிய வாயுள்ள ஸ்பீக்கர்தான் சரி என்று தாங்கள் சொன்னபடி, மூடிப்போன நாடக அரங்கிலிருந்து ஒரு ஜோடி வாங்கினேன். துணி அலமாரி அளவில் இரண்டு. வாசலில் நுழையவில்லை. தச்சரைக் கூப்பிட்டு நிலையைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, நிலையை மறுபடி மாட்டும்போது கதவு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இப்போது அதைத் தோளால் முட்டினால்தான் திறக்கிறது, மூடுகிறது. ஹாலில் இடமில்லாமல் சோபா படுக்கையறைக்குப் போயிற்று. படுக்கையறைக்குள் கட்டிலைச் சுற்றி நடக்க வழியில்லாததால், கால்மாட்டிலிருந்து கட்டில் மேல் ஊர்ந்துதான் படுக்க வேண்டும். என் மனைவி அதற்கும் ஒரே ஒரு தடவை, "நாடகத்துக்காரங்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவள் பொறுமைசாலி என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த ஸ்பீக்கர்கள் மிகவும் நேர்மையானவை. ஆம்ப்ளிஃபையர் எதைக் கொடுத்தாலும் ஒளிக்காமல் சொல்லிவிடும். அதனால் இதுவரை கேட்காத ஒரு 'உம்ம்ம்' கேட்க ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் வந்து சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு எர்த் சரியில்லை, பின்னால் பள்ளம் தோண்டி உப்பும் கரியும் கொட்டிப் புதுசாகப் போடவேண்டும் என்றார். என் மனைவியின் ரோஜாச்செடி இருந்த இடம்தான் எர்த்துக்கு ஏற்ற இடமாம். தோண்டினோம். கொட்டினோம். செடி போயிற்று, 'உம்ம்ம்' போகவில்லை. எலக்ட்ரீஷியன், "இது கரண்டுல இல்லங்க, உங்க காதுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காது டாக்டரிடமும் போனேன். காதில் ஒன்றும் இல்லை என்றார். மறுநாள் காலை பெருக்கும்போது என் மனைவி ஆம்ப்ளிஃபையரின் கரண்ட் வயரை இசைத்தட்டு சுழலும் பெட்டியின் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறாள். சத்தம் நின்றுவிட்டது. எர்த் பலன் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அமைதி வந்த பிறகுதான் சம்பந்தி, உண்மையான பிரச்சினை தெரிந்தது. இடது பக்கம் சற்றுக் குறைவாக இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் தராசு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன், சும்மா இருக்க முடியுமா? இடது வால்வை மாற்றினேன். இப்போது வலது குறைந்தது. "வால்வை ஒத்தையா மாத்தக் கூடாது, ஜோடியா மாத்தணும். அதுக்கு ஏத்தது இது இல்ல" என்றீர்கள். ஜோடியாக வாங்கினேன். வால்வு வியாபாரி மீட்டரில் வைத்துப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தார். தங்கள் மகனுக்கும் என் மகளுக்கும்கூட நாம் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஆம்ப்ளிஃபையரின் முன்வரிசையில் இருக்கும் சின்ன வால்வுகள் இந்தப் பெரிய ஜோடியோடு ஒத்துப்போகவில்லை. அவற்றையும் மாற்றினேன். கழற்றிய வால்வுகள் உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் என் காலுறைக்குள் போட்டுப் பத்திரப்படுத்தினேன். ஒரு நாள் என் மனைவி, "ஏங்க, உங்க காலுறையில ஒண்ணுக்காவது ஜோடி இருக்கா?" என்று கேட்டாள். வால்வைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இருக்கிறது, ஆனால் வலது கொஞ்சம் வீக் என்றேன்.

புதிய சின்ன வால்வுகளில் குரல் அற்புதமாக இருந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஒரே ஒரு குறை, யாராவது நடந்தால் அதிர்வில் அந்த வால்வு 'டிங்' என்று மணியடித்தது. நடையைப் பொறுத்து 'டிங்' மாறும். என் மனைவியின் நடைக்கு நல்ல கனமான 'டிங்'. நான் இதை அவளிடம் ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அவள் அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை. போதாததற்குத் தையல் மெஷினின் மோட்டார் ஓடினால் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று கேட்டது. ஜன்னலோரம் வெளிச்சம் பார்த்து வருஷக்கணக்காக அவள் போட்டிருந்த மெஷினைச் சமையலறைக்கு மாற்றினேன். அங்கேயும் 'கர்ர்' வந்தது. அதனால் நான் கேட்கும்போது அவள் தைக்கக்கூடாது, அவள் சமைக்கும்போது தைக்க முடியாது, அவள் தைக்கும்போது நான் கேட்க முடியாது என்று ஆகி, அவள் தைத்துக் கொடுக்க எடுத்திருந்த பள்ளிக்கூடச் சீருடைகள் வெட்டிய துணியாகவே மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை வந்தார். சீருடை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அவரே நேரில் வந்திருக்கிறார். கனமான உடம்பு, வேகமான நடை. வாசல் கதவைத் தோளால் முட்டித் திறந்துகொண்டு ஹாலுக்குள் கால் வைத்த அந்தச் சமயத்தில் இசைத்தட்டில் மிக மெல்லிய ஒரு இடம் போய்க்கொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்து திரும்பாமலே, "அசையாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் அப்படியே நின்றார். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரை அப்படி நிற்கவைத்தவர், பழக்கம் இருக்கும் என்று நினைத்தேன். இசைத்தட்டு முடியும்வரை ஒரு 'டிங்'கூட வரவில்லை. எழுந்து நன்றி சொன்னேன். முகமெல்லாம் வியர்த்து, "போயிடுச்சா?" என்று கேட்டார். "எது?" என்றேன். "பாம்பு" என்றார்.

பாம்பு இல்லை என்று சொன்னபோது அவர் ஆறுதலடைவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் சமையலறையைப் பார்த்து, "மிச்சத் துணியை வேற இடத்துல தைக்கக் கொடுத்துக்கிறோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது 'டிங் டிங் டிங்' என்று தெருவரை கேட்டது.

என் மனைவி கத்தவில்லை. சமையலறை வாசலில் நின்று, "நான் நடந்தா உங்க பாட்டு கெடுது, தைச்சா கெடுது. நான் இல்லாம இருந்தாத்தான் உங்க பாட்டு நல்லா இருக்கும்போல. அதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றாள். துணிமணியோடு கிளம்பியிருந்தால் கோபம், தணிந்ததும் வந்துவிடுவாள் என்று இருந்திருப்பேன். அவள் வண்டி பேசித் தையல் மெஷினை ஏற்றினாள்.

அவள் சொன்னபடியே கேட்டுப் பார்த்தேன், சம்பந்தி. தங்களிடம் மறைக்கவில்லை. 'உம்ம்ம்' இல்லை, 'டிங்' இல்லை, 'கர்ர்' இல்லை. இடதும் வலதும் அப்படியே ஒன்றுபோல இருந்தன. என் ஆயுளில் இவ்வளவு சரியான தராசை நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் எடை போட ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. பாட்டு நடுவே, நல்லா இருக்கு இல்ல என்று சொல்லத் திரும்பினேன். ஜன்னலோரம் மெஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அதற்கு மேல் கேட்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

ஆகவே தீர்மானமாக ஒரு முடிவுக்கு வந்து, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு ஒட்டிவிட்டேன். நாளை மறுநாள் வால்வு வியாபாரி வந்து எடுத்துப்போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைமை ஆசிரியையை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். மிச்சத் துணியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், நான் வாசற்படியில் நின்றே பேசவேண்டும் என்ற நிபந்தனையோடு. மெஷின் இருந்த ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன். இனி இந்த வீட்டில் வால்வு என்ற சொல் குழாய் ரிப்பேர்காரர் வாயிலிருந்து மட்டும்தான் வரும். தாங்கள் சொன்னால் அவள் கேட்பாள். தயவுசெய்து இதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இருந்தாலும் அது மிகச் சிறிய அளவில், இடது பக்கமாகத்தான் இருக்கும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசியும். எல்லோரும் தேக சுகத்தோடும் நிம்மதியோடும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். தையல் மெஷின் இறங்கியது. அதற்குப் பின்னால், ஒரு பெட்டியோடு, தங்கள் துணைவியாரும் இறங்கினார். தாங்கள் பாட்டுக் கேட்கும்போது அவரை ஹாலில் தும்மக்கூட விடுவதில்லை என்றும், நேற்று இரண்டு தும்மலை அடக்கியதில் காது அடைத்துவிட்டது என்றும் சொன்னார். என் மனைவி தங்கள் ஸ்பீக்கர்களைக் கேட்டுவிட்டு, "இடது பக்கம் கம்மியா இருக்கே, சம்பந்தி" என்று சொன்னதாகவும், தாங்கள் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை என்றும் தெரிந்துகொண்டேன். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இரண்டு சட்டைக் கையையும் அளவு நாடா இல்லாமலே ஒன்றுபோல வெட்டுகிறவள் அவள். வந்ததும் வராததுமாக அட்டைப்பெட்டிகளைப் பார்த்து, "இதையெல்லாம் யாரு கட்டி வைக்கச் சொன்னது? பிரிங்க. அவங்க வீட்டுல பாடுறவங்க மூச்சே கேக்கல. நம்ம வீட்டுல எப்படிக் கேக்கும்னு இவங்களுக்குக் காட்டணும்" என்றாள். பிரித்தாயிற்று. வியாபாரியை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. எனவே மேலே எழுதிய எதையும் தாங்கள் யாரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் துணைவியார் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வந்ததிலிருந்து ஏழெட்டுத் தடவை தாராளமாகத் தும்மிவிட்டார். எப்போது ஊருக்குக் கிளம்புகிறார் என்று தங்களுக்கு எழுத வேண்டுமே என்பதற்காக மெதுவாகக் கேட்டேன். "இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார். முடிந்தது. அவரே எழுந்துபோய் இசைத்தட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.