நெத்திலி பிறந்த நாடு

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட வரிச்சலுகை ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவர் இரு நாட்டிலும் ஒருவர்தான். கையெழுத்துப் போட்டவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். பாம்பனில் கருவாடு ஏற்றுமதி செய்த அவரை ஊரே ‘வரிவிலக்கு பாய்’ என்றது. கல்யாண பிரியாணியில் கிராம்பு கடிபட்டால், “இது அங்கன இருந்து வரியில்லாம வந்ததா?” என்று சமையல்காரரை விசாரிப்பார்.

நான் அவரிடம் காகித வேலை பார்த்தேன். பொருளாதாரத்தில் எம்.ஏ. எனக்குப் பொருளாதாரம் புரியவில்லை என்பது பாயிடம் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

ஓர் ஐப்பசிக் காலை. லாரி நிறைய நெத்திலிக் கருவாடு. தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்கிறது. கிழக்கே வானம் கறுக்கிறது. கப்பலை விட்டால் கொழும்பு வியாபாரி வேறு ஆளைப் பார்ப்பார். பாய்க்கு இருந்ததே அந்த ஒரு வியாபாரிதான். பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. சரக்கு இந்தியாவில் பிறந்தது என்று உறுதிமொழி தந்தால்தான் அங்கே வரி குறையும்.

பாயின் பேனா அந்தரத்தில் நின்றது.

“ஏப்பா, இந்த நெத்திலி எங்கன பொறந்துச்சு?”

“கடல்ல, பாய்.”

“எந்தப் பக்கத்துக் கடல்ல? அங்கன பொறந்து இங்கன வலையில விழுந்திருந்தா?”

“நெத்திலி என்ன பாஸ்போர்ட் எடுத்துட்டா நீந்துது? போடுங்க பாய், மழை வருது!”

“பொய் உறுதிமொழி குடுத்துட்டு மறுமையில மாட்டிக்கிட்டு நிக்கவா? ஒன் எம்.ஏ.யில இதப் பத்தி ஒண்ணும் போடலையா?”

போட்டிருப்பார்கள். தேர்வுக்கு வராது என்று நான் விட்ட பக்கமாக இருக்கும். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜன்னலில் முதல் துளி விழுந்தது.

கொழும்பு வியாபாரியே போனில் வந்துவிட்டார். பாய் தம் சந்தேகத்தை அவரிடமும் கொட்டினார். அண்ணனை ‘நானா’ என்பது அவர் ஊர் வழக்கம்.

“நானா, நான் உங்கக்கிட்ட மீனா கேட்டேன்? கருவாடுதானே கேட்டேன். அது எங்க பொறந்தது?”

பாய் வாசலைப் பார்த்தார். கருவாடு காய்ந்த மணல் அங்கேதான் கிடந்தது.

“நம்ம மணல்லதாம்ப்பா!” என்று கத்தியபடி கையெழுத்துப் போட்டார். லாரி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பறந்தது. கப்பலைப் பிடித்தோம்.

நாலு நாள் கழித்து முத்திரையோடு உறுதிமொழியின் நகல் வந்தபோதுதான் கவனித்தேன். குறிப்பு என்ற கட்டத்தில் பாய் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: ‘மீன் பொது. உப்பும் வெயிலும் இந்தியா.’

பாய் மௌத்தான பிறகு அவர் மகன் வந்து கோப்புகளை எல்லாம் வாங்கிக்கொண்டார். “அந்த ஐப்பசி நகல் ஒண்ணு கொறையுதேண்ணே” என்றார்.

தொலைந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன்.