கை நின்றால் மூளை ஓடும்

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்தியவர்களிலேயே, மாணவனுக்கு மூளை இருக்கிறது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் பசை வாத்தியார்தான். அதற்கு அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. நாங்களும் கொடுத்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் விருதுநகரில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தர்க்கம் நடத்த வந்த தற்காலிக விரிவுரையாளர் அவர். பாடம் முழுக்க இங்கிலீஷ். அதைக் கேட்கையில் எங்கள் மூளை எவ்வளவு சிரமப்படுகிறது என்று அளந்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. வாயால் கேட்டால் பயனில்லை. எதைக் கேட்டாலும் "புரியுது சார்" என்று கூசாமல் பொய் சொல்வோம்.

ஒரு நாள் சிவகாசியிலிருந்து தீப்பெட்டி ஒட்டுவதற்கான மரச்சில்லும் நீலத்தாளும் மூட்டையாக வகுப்பில் வந்து இறங்கின. கூடவே ஒரு வாளி பசை.

"பெட்டி ஒட்டிக்கிட்டே பாடத்தைக் கேளுங்கலே. மூளைக்கு வேலை கூடுனா கை தன்னால நின்னு போகும். எப்ப நிக்குதுன்னு நான் பாத்துக்கிறேன்."

யோசனை பிரமாதம். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல சிவகாசி, விஸ்வநத்தம் பையன்கள். நடக்கப் பழகும் முன்பே பெட்டி ஒட்டப் பழகியவர்கள். இடி விழுந்தாலும் எங்கள் கை நிற்காது. தர்க்கமா நிறுத்திவிடும்?

"பாடம் ரொம்ப லேசா இருக்கு போல" என்று முடிவு கட்டி, மறுநாள் இன்னும் கடினமாக நடத்தினார். எங்கள் கை இன்னும் வேகமாக ஓடியது. பாடத்தைக் கேட்பதையே நாங்கள் விட்டிருந்தோம்.

காரியாபட்டிப் பண்ணையார் மகன் மட்டும் ஐந்து விரலிலும் தாள் ஒட்டிக்கொள்ள, விழித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்து பசையைத் தொடாதவன்.

"பாருங்கலே, இவன் ஒருத்தன்தான் யோசிக்கான்!"

"யோசிக்கலை சார், விரல் பிரிய மாட்டேங்குது."

அந்த அடக்கத்தைக் கண்டு வாத்தியார் உருகிப்போனார்.

அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது காலேஜா, தீப்பெட்டி ஆபீஸா?"

"ஆராய்ச்சி நடக்குதுங்கய்யா."

"நாளைக்கு மேல நடக்காது" என்றார் பிரின்சிபால். தற்காலிக வேலை. ஒரே வரியில் போய்விட்டது.

மறுநாள் மிச்சச் சில்லை ஒட்டிக்கொண்டிருந்தோம். வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். இங்கிலீஷ் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தமிழில் பேசினார்.

"நான் இன்னைக்கோட போறேன். அடுத்து வர்றவர்கிட்ட, புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்கலே. அதுல ஒண்ணும் வெக்கமில்லை."

விஸ்வநத்தத்துக் கைகள் உட்பட அத்தனை கைகளும் நின்றன. அவர் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னலே, இது அம்புட்டுக் கஷ்டமாவா இருக்கு?"

"ஆமா சார்" என்றோம். அந்த வகுப்பில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.