எப்பையாரின் கரும்பலகை

விருத்தாசலத்தில் போலீஸுக்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எப்பையாருக்குப் பயப்படாதவர் ஒருத்தர்கூட இல்லை.

எஃப்.ஐ.ஆர். என்பதுதான் ஊர் வாயில் உருண்டு எப்பையார் ஆனது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செராமிக் தொழிற்பேட்டையில் கழித்துப் போட்ட கோணல் ஊறுகாய் ஜாடி, காது உடைந்த கப், ஒற்றைக் கண் மட்டும் வரைந்த பொம்மை எல்லாவற்றையும் மலிவாக வாங்கி, ஜங்ஷன் ரோட்டில் கடை போட்டு விற்றார். அது வயிற்றுக்கு. மனசுக்கு, கடை வாசலில் ஒரு கரும்பலகை.

தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷன் எதிரே உள்ள டீக்கடையில் ஒரு டீயை ஆற ஆறக் குடித்து, முந்தைய நாள் யார் யார் பிடிபட்டார்கள் என்பதைக் காதால் அள்ளிக்கொண்டு வருவார். பிறகு சாக்பீஸை எடுப்பார். 'கோழி திருடியவர் கைது. கோழி நலம்.' 'முந்திரித் தோப்பில் சீட்டாடிய நால்வர் கைது. அதில் ஒருவர் அப்போதுதான் ஜெயிக்க ஆரம்பித்திருந்தாராம்.' ஒவ்வொன்றின் கீழும் பிடிபட்டவரின் பெயர், வயது. ஸ்டேஷன் ஏட்டே வண்டியை நிறுத்தி, நேற்று தாங்கள் யாரைப் பிடித்தோம் என்று படித்துவிட்டுப் போவார்.

செல்போன் வைத்திருப்பவர்கள் அது சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்ட காலம் அது. நான் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் யூனிட் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டு, எப்பையார் கடையின் மாடியில் குடியிருந்தேன். ஒருநாள் கீழே ஒரே சத்தம். சீட்டாட்டத்தில் பிடிபட்டு ஜாமீனில் வந்த கம்மாபுரத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யோவ் எப்பையாரு, என்னா எழுதி வச்சிருக்க நீ?"

"சீட்டாடுனது பொய்யா?"

"அத வுடுய்யா. வயசு நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கியே, எனக்கு முப்பத்தெட்டுதான் ஆவுது. வூட்ல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க!"

எப்பையார் மரியாதையாக வயதைத் திருத்தினார். பக்கத்தில் 'பெண் தேவை' என்றும் சேர்த்தார்.

இப்படிக் கூத்தும் கும்மாளமுமாக இருந்த பலகை ஒருநாள் செல்வத்தின் மேல் பாய்ந்தது.

செல்வம் எங்கள் யூனிட்டில் சூளை வேலை பார்த்தவன். அதிர்ந்துகூடப் பேச மாட்டான். ஒரு பைக் காணாமல் போக, அதன் பக்கத்தில் இவன் நின்றதாக யாரோ சொல்ல, போலீஸ் அழைத்துப் போய்விட்டது. மறுநாள் காலை பலகையில் எழுத்து பளிச்சென்று இருந்தது: 'பைக் திருடிய சூளைத் தொழிலாளி செல்வம் கைது.' அன்றைக்கென்று பார்த்து, அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தார்கள். வழி கேட்க நின்ற இடம் எப்பையார் கடை. அப்புறம் வழி கேட்கவில்லை. படித்தார்கள், பழத்தட்டோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே பைக் கிடைத்தது. பைக்குக்குச் சொந்தக்காரரின் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் திட்டக்குடிக்கு ஓட்டிப் போயிருந்தார். செல்வத்தை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் அவனுடைய அம்மா கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"புடிச்சிட்டாங்கன்னு எழுதுனீங்களே, வுட்டுட்டாங்கன்னு ஏங்க எழுதல?"

எப்பையார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அத... யாரும் சொல்லலம்மா. நானும் கேக்கல."

"பொண்ணு வூட்ல வேணான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. புள்ள சாப்புடாம கெடக்குறான்."

அந்த அம்மா போனதும் எப்பையார் பலகையைக் கழற்றினார். துடைத்தார். எழுதினார். மாடியைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, கீழ வாங்க! பலகையப் புடிச்சுக்க ஆள் வேணும்!"

மொபெட்டில் அவர் முன்னால், நான் பின்னால், என் மடியில் பலகை. முந்திரித் தோப்புக் காற்று அடிக்க அடிக்க, மொபெட் ஒரு பக்கம் போனது, பலகை ஒரு பக்கம் போனது. பஸ் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. "எலெக்ஷனா? யாரு நிக்கிறாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பெண்ணின் அப்பா வாசலிலேயே மறித்தார். "யாருங்க நீங்க? மாப்ள வூட்டு ஆளா?"

"இல்லீங்க. தப்பா எழுதுனவன்."

"போலீஸு சும்மா புடிப்பாங்களா?"

"சும்மாவும் புடிப்பாங்க. நானும் சும்மா எழுதுவேன். ரெண்டும் நடக்கிறதுதாங்க."

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவே கூடிப் படித்தது: 'செல்வம் நிறபராதி. பைக்கை எடுத்தது அதன் ஓனரின் மச்சான். தப்பு என்னுடையது.' கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். படித்தாள். சாக்பீஸுக்குக் கை நீட்டினாள். 'ற'வை விரலால் அழித்துவிட்டு 'ர' போட்டாள்.

"ஒரே ஒரு எழுத்துதாம்பா தப்பு. மத்ததெல்லாம் சரியா இருக்குது."

அப்பா அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கடைசியில் எங்களைப் பார்த்து, "டீ சாப்புடுறீங்களா?" என்றார். திரும்பும்போது எப்பையார் பாடிக்கொண்டே ஓட்டினார். போகும்போது பலகையால் வந்த ஆபத்தெல்லாம் அந்தப் பாட்டின் முன் ஒன்றுமே இல்லை.

செல்வத்தின் கல்யாணம் முடிந்தது. பலகையின் நடுவே ஒரு கோடு விழுந்தது. இடது பக்கம் 'பிடித்தது'. வலது பக்கம் 'விட்டது'. விட்டவர்களைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசுவதில்லை என்பதால், அவர் கடையைச் சாத்திவிட்டுக் கோர்ட்டு வராந்தாவில் போய்க் காத்துக்கிடந்தார். ஜனங்களோ இடது பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

"எதுக்குங்க இந்த அலைச்சல்? அந்தப் பக்கத்த யாரு படிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"படிக்க வேண்டியவன் வருவான் தம்பி."

வந்தார்கள். தெரு ஓய்ந்த மத்தியான வெயிலில் யாராவது ஒருவர் தனியாக வந்து, தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தபடி நின்றிருப்பார். அடுத்தவர் விஷயத்தை எட்டிப் பார்ப்பதே பிழைப்பாக இருந்த எப்பையார், அந்த ஆள் போகும்வரை முதுகைக் காட்டி உட்கார்ந்து, துடைத்த ஜாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார்.