ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது

"பேஸ்மென்ற் பற்றி என்னட்டைக் கேளாதை பிள்ளை. மூண்டு வருசமாக் கவுன்சிலோட இழுபடுறன். அனுமதி தரமாட்டினமாம்."

"பேஸ்மென்ற் இல்லை அண்ணை. பேஸ்போல்."

"அதையும் கட்ட விடமாட்டாங்கள்."

சிவமலர் பேனையைக் காதில் சொருகிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். இல்ஃபோர்ட்டில் கனகலிங்கத்தின் பலசரக்குக் கடையில், வெங்காய மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளில் கனகலிங்கம் அறுபத்திரண்டாவது ஆள். மற்ற அறுபத்தொரு பேரும் படிவத்தின் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார்கள். "உங்களுக்குப் பேஸ்போல் பிடிக்குமா?" என்பதுதான் கேள்வி. இரண்டு பேர் அதைச் சாப்பாட்டுச் சாமான் என்று நினைத்து, மரக்கறியா மச்சமா என்று கேட்டார்கள்.

ஓர் அமெரிக்கக் கம்பனிக்கு வந்த சந்தேகம் இது. நடுத்தர அளவுள்ள ஒரு நகரம், சம்பளத்துக்கு விளையாடும் பேஸ்போல் அணி ஒன்றைத் தாங்குமா? இலண்டன் முழுவதும் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டதாம். ஒரு மூலையை வெட்டியெடுத்து அதையே நடுத்தர நகரம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மூலைதான் இல்ஃபோர்ட். இல்ஃபோர்ட்டிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இங்கே ஆறு மொழிச் சனம் இருப்பதால், கருத்துக்கணிப்பு மார்கரெட் அம்மையாரின் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வந்தது. தமிழுக்குச் சிவமலர்.

சிவமலர் இருபத்திரண்டு வருடமாக மொழிபெயர்ப்பவள். குரோய்டனில், அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகத்தில் தொடங்கினாள். அங்கே, கதிரை நுனியில் இருந்து தங்கள் கதையைச் சொல்லும் சனத்துக்கு ஒரு சொல் பிழைத்தால் வாழ்க்கையே பிழைத்துவிடும். அவளிடம் ஒரு சொல்லும் பிழைத்ததில்லை. மற்றப் பெண்கள் நகை போட்டுக்கொண்டு திரிவார்கள். சிவமலர் இந்த நல்ல பெயரைப் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

மார்கரெட்டும் லேசுப்பட்டவர் அல்ல. "ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது" என்று அலுவலகச் சுவரில் எழுதி மாட்டியிருந்தார். அதற்குக் கீழே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் கட்டையான சிறு மட்டையோடு, நாலு கம்பத்துக்கு நடுவே நிற்கும் பழைய படம். நடுவில் முறைத்துக்கொண்டு நிற்பது பன்னிரண்டு வயது மார்கரெட். சொல்லை மாற்றிப் பிடிபட்டவர்களின் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து சிவப்பு மையால் வெட்டிவிடுவார். அப்படி இரண்டு பெயர் வெட்டுப்பட்டதைச் சிவமலர் தன் கண்ணால் கண்டிருக்கிறாள்.

"அண்ணை, வடிவாக் கேளுங்கோ," என்றாள். "ஒராள் பந்து எறிவார். மற்றாள் தடியால அடிச்சுப்போட்டு ஓடோணும். நாலு இடம் சுத்தி வந்தால் ஒரு ஓட்டம்."

கனகலிங்கத்தின் முகம் பூரித்துப்போனது. "அட, எங்கட ஊர் எல்லே விளையாட்டு! அதை முதலே சொல்லக்கூடாதோ? நான் பள்ளிக்கூட ரீமில இருந்தனான் பிள்ளை! கொண்டா பேனையை."

பிடிக்குமா? ஓம். பார்க்க வருவீர்களா? ஓம். குடும்பத்தோடு? ஓம், மச்சானும் வருவார்.

சிவமலர் கடை வாசலில் நின்று யோசித்தாள். தடி, பந்து, ஓட்டம். பெரிய வித்தியாசம் என்ன இருக்கப்போகிறது? விளக்கத்துக்காக ஒரே ஒரு சொல். அன்று வீட்டுக்குப் போய்ப் படிவத்தில் "பேஸ்போல் அல்லது எல்லே" என்று திருத்தினாள். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விடுகிறோம் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை மார்கரெட் கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

"சிவா, தமிழர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குப் பேஸ்போல் பிடிக்கிறதாம். அமெரிக்காவிலேயே இப்படி இல்லையாம். கம்பனியிலிருந்து டக்ளஸ் என்பவர் புறப்பட்டு வருகிறார்."

சிவப்புப் பேனை மேசையில்தான் கிடந்தது.

"கணக்கைக் கொஞ்சம் இறக்கினால் சரி," என்று சிவமலர் நினைத்தாள். முதியோர் சங்கத்துக்கு ஐம்பது படிவத்தோடு போனாள். எழுபது தாண்டியவர்களுக்கு எல்லே எதற்கு? ஐம்பது "இல்லை" விழுந்தால் தொண்ணூற்றாறு மானமாக இறங்கிவிடும்.

ஐம்பதும் "ஓம்."

"பாக்க மட்டுமோ, விளையாடவும் விடுவினமோ?" என்று ஒருவர் கேட்டார். எண்பத்தொரு வயது அம்மா ஒருவர் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "முழங்கால் ஒப்பரேசன் செய்தபடியால் ஓட மாட்டன். ஆனால் பந்து போடுவன்."

கணக்கு தொண்ணூற்றேழுக்கு ஏறியது.

டக்ளஸ் வந்து இறங்கினார். கதவுக்குக் குனிந்து வரவேண்டிய உயரம், நல்ல மனிதர். வந்ததும் வராததுமாகச் சிவமலரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் தமிழ்ப் பேஸ்போல் கழகத்தைப் பார்க்க வேண்டும்," என்றார்.

இல்லாத கழகத்தை எங்கே காட்டுவது? அவள் கணவன் பிரதாபன் இலண்டன் பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் அசையமாட்டார்.

"இஞ்சரும், ஏன் உப்பிடி மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?"

"மார்கரெட் என்ர பேரை வெட்டப்போறா. இருபத்திரண்டு வருசம். ஒரு சொல்லால போகப்போகுது."

"போய் உண்மையைச் சொல்லுமன்."

"ஏலாது. அந்தப் பேனையைக் கண்டால் எனக்கு வாய் வராது."

"அப்ப றஜீனாவைக் கேளும். அவள் சனிக்கிழமையில பார்க்கில மாதா கோயில் பெண்டுகளோட எல்லே விளையாடுறவள்தானே. தூரத்தில நிண்டு பாத்தால் அமெரிக்கனுக்கு என்ன தெரியப்போகுது?"

றஜீனா மன்னார்க்காரி. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் எல்லே அணித் தலைவி. இப்போது முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. சிவமலர் பேஸ்போல் சாமான்கள் கொஞ்சம் வாங்கி, விதிகளையும் தமிழில் எழுதிக்கொண்டு பார்க்குக்கு ஓடினாள்.

றஜீனா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னத்துக்கு அக்கா? அடுப்பில சட்டி இறக்கவோ?"

"பந்து பிடிக்க."

"கை இருக்கேக்க?" பந்தைப் பார்க் மேசையில் தட்டிப் பார்த்தாள். "இது கல்லு. உதால ஒருத்தருக்கு எறிஞ்சு அடிச்சால் பொலிஸ் வரும்."

"அடிக்கக் கூடாது றஜீனா. எல்லேயில போல இதில ஓடுற ஆளுக்குப் பந்தால எறியக் கூடாது."

றஜீனா விதித்தாளை மடித்து அவளிடமே நீட்டினாள். "எறியேலாட்டி ஓடுறவள் ஏன் பயந்து ஓடுறாள்? இது விளையாட்டே இல்லை அக்கா, நடைப்பயிற்சி."

சனிக்கிழமை பார்க்குக்கு வந்த டக்ளஸ் தூரத்தில் நிற்கவில்லை. நேரே வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். றஜீனா கூட்டுகிற தும்புத்தடியின் பிடியைக் கழற்றி, ரெனிஸ் பந்தை ஓங்கி ஓர் அடி அடித்தாள். பந்து மரங்களுக்கு மேலால் போய்க் கார்கள் நிற்கும் பக்கம் விழுந்தது.

சிவமலர் கண்ணை மூடிக்கொண்டாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்துவிட்டது.

"மெல்லிய மட்டை! மென்மையான பந்து! பயிற்சிக்கு அருமையான யோசனை!" என்று டக்ளஸ் கூவினார். "ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருக்கும் எங்கள் அணியை அடுத்த கிழமை ஞாயிறு இங்கே கொண்டுவருகிறேன். உங்களோடு போட்டி. படிவத்தில் ‘ஆம்' போட்ட எல்லோருக்கும் நோட்டீஸ்!"

ஆறு மொழியிலும் நோட்டீஸ் போனது. தமிழ் நோட்டீஸை எழுதியவள் சிவமலர். "மாபெரும் எல்லேப் போட்டி" என்று எழுதினாள். "பேஸ்போல்" என்று எழுதினால் ஒரு குருவியும் வராது; குருவி வராவிட்டால் தொண்ணூற்றேழு பொய்யாகும்.

ஞாயிற்றுக்கிழமை மூவாயிரம் பேர் வந்தார்கள்.

பூசை முடிந்து கோயில் சனம் முழுதாக வந்தது. கனகலிங்கம் கடையைப் பூட்டிவிட்டு மச்சானோடும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டிகளோடும் வந்தார். முதியோர் சங்கம் தனி பஸ்ஸில் வந்தது, ஓட்டியது பிரதாபன். ருமேனியர்களும் போலந்துக்காரரும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தொப்பி போட்ட ஆங்கிலேயக் கிழவிகள் மடக்குக் கதிரையோடு வந்தார்கள். "எங்கட சனத்துக்குத்தான் நான் பொய் சொன்னனான். இதுகள் உண்மையாவே பேஸ்போல் பாக்க வந்ததுகள்," என்று சிவமலர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் ருமேனிய மொழிபெயர்ப்பாளர் யோவானா நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டு தொடங்கியது. டக்ளஸ்தான் நடுவர். றஜீனாவின் பிடிவாதத்தால் பந்து ரெனிஸ் பந்து. அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் அடித்துவிட்டு ஓடினார். மூன்றாவது இடத்தை அவர் தாண்டும்போது றஜீனா பந்தைப் பொறுக்கி, குறி பார்த்து, அவர் பின்பக்கத்தில் பளாரென்று எறிந்தாள்.

"அவுட்!" என்று தமிழ்ச் சனம் எழும்பியது. ஆச்சரியம், ருமேனியரும் எழும்பினார்கள். போலந்துக்காரர் விசில் அடித்தார்கள். "ஓடு மகனே, நாலாவது கம்பத்துக்கு ஓடு!" என்று ஓர் ஆங்கிலேயக் கிழவி கத்தினார். அங்கே கம்பம் எதுவும் இருக்கவில்லை.

டக்ளஸ் கையைத் தூக்கினார். "அவுட் இல்லை! ஓடுகிறவரைப் பந்தால் அடிக்கக் கூடாது. சிவா, அவர்களுக்குச் சொல்லுங்கள்."

ஒலிவாங்கி சிவமலரின் கைக்கு வந்தது. மைதானம் அடங்கியது. டக்ளஸ் சொன்னதை அவள் அப்படியே தமிழில் சொன்னாள்.

"அப்ப எங்கட விளையாட்டில அடிக்கலாம் எண்டு அந்த மனுசனுக்குச் சொல்லு பிள்ளை!" என்று கனகலிங்கம் கத்தினார்.

சிவமலர், குரோய்டனில் நிமிர்ந்து இருந்ததைப்போல நிமிர்ந்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கள் விளையாட்டில் அடிக்கலாம்."

டக்ளஸ் சனத்தைப் பார்த்தார். அடிவாங்கியவர் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். "பதினொரு வருடம் விளையாடுகிறேன். நான் ஓடும்போது யாரும் எழும்பி நின்றதில்லை. அடிக்கட்டும்!"

அடித்தார்கள். அமெரிக்கர்களும் திருப்பி அடித்தார்கள். எண்பத்தொரு வயது அம்மா கதிரையில் இருந்தபடி இரண்டு பந்து போட்டு ஓர் அமெரிக்கரை ஏமாற்றினார். கடைசி அடி றஜீனாவுடையது. தும்புத்தடிப் பிடி இரண்டாக முறிந்தது. பந்து காணாமல் போனது. நாலு பெண்கள் சுற்றி ஓடி வந்தார்கள். பதினேழுக்குப் பதினான்கு, றஜீனாவின் அணி வென்றது. மூவாயிரம் பேரும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து றஜீனாவைத் தூக்கினார்கள். யார் எந்த மொழியில் கத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிவமலரும் அழுதுகொண்டே கத்தினாள்.

டக்ளஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அறிக்கையை இங்கேயே முடித்துவிட்டேன். இந்த நகரம் ஓர் அணியைத் தாங்கும். ஒன்றென்ன, இரண்டைத் தாங்கும்! பேஸ்போலை இவ்வளவு நேசிக்கும் சனத்தை நான் கண்டதேயில்லை!"

கடைசி வசனம் சிவமலரை வந்து குத்தியது. இனி ஏலாது. வெற்றியை விட்டுவிட்டு, சனத்தை இடித்துக்கொண்டு போய், ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மார்கரெட்டின் முன்னால் நின்றாள்.

"மார்கரெட், என் பெயரை வெட்டுங்கள். நான் ஒரு சொல்லை மாற்றினேன். பேஸ்போல் என்றால் எங்கள் சனத்துக்குத் தெரியாது. எங்கள் நாட்டு விளையாட்டின் பெயரைப் போட்டேன்."

மார்கரெட் வாயைத் துடைத்தார்.

"காலையில் யோவானா வந்து அழுதாள். ‘ஓய்னா' என்று போட்டாளாம், அவர்கள் ஊர் விளையாட்டு. அதிலும் ஓடுகிறவனைப் பந்தால் அடிப்பார்களாம். மத்தியானம் போலந்து மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவர் போட்டது அவர்கள் ஊர் விளையாட்டு, ‘பாலந்த்'."

ருமேனியர் ஏன் எழும்பினார்கள் என்று சிவமலருக்கு இப்போது விளங்கியது. "அப்படியென்றால்... பேஸ்போல் பார்க்க வந்தவர்கள் ஆங்கிலேயர்கள் மட்டும்தானா?"

மார்கரெட் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"முதலில் என் பெயரை வெட்டு, சிவா. இங்கிலீஷ் படிவத்தில் ‘ரவுண்டர்ஸ்' என்று போட்டது நான்தான், சுவரில் இருக்கிற படத்தில் நாங்கள் விளையாடுவது அதுதானே!"