ஊசலார் பெயர் சேர்த்த கட்டுரைகள்

வியாழக்கிழமை காலையில் அறிவியல் வரலாற்றுத் துறையில் வகுப்பு நடக்காது. ஆசிரியர்கள் எல்லாரும் மாடியில் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கொரு கட்டுரை கையில். அறைக்குள்ளே ஊசலார்!

பட்டப்பெயர்தான், ஆனால் பயபக்தியோடு வைத்தது. நூலில் கட்டிய பித்தளைக் குண்டை விரல் நுனியில் பிடித்துக் கட்டுரைக்கு மேலே தொங்கவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் ஆய்விதழ் கட்டுரையை வெளியிடும். குறுக்கே ஆடினால் திருப்பி அனுப்பிவிடும். தொங்கும் குண்டின் ஆட்டத்தை வைத்து நேரத்தை எப்படி அளந்தார்கள் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்குகிறவர்கள்தான் அந்த வரிசையில் நின்றார்கள். பாடம் கரும்பலகைக்கு, பயம் தங்களுக்கு.

காணிக்கையா? சேச்சே, காசை அவர் கையால் தொடமாட்டார். குண்டு குறுக்கே ஆடினால் கண்ணை மூடிக்கொண்டு, "என் பேரையும் சேர்த்துப் பாருங்களேன்" என்பார். சேர்த்ததும் குண்டு சமர்த்தாக வட்டம் போடும். இப்படி ஒரு வரிகூட எழுதாமல் நாற்பத்தொரு கட்டுரைகளுக்கு ஆசிரியராகிவிட்டார். கிரகணமா, வெப்பமானியா, அம்மைத் தடுப்பூசியா, எதன் வரலாற்றிலும் அவர் அறிஞர்!

அந்த வியாழக்கிழமை வரிசையின் கடைசியில் தற்காலிக ஆசிரியை ஒருத்தி நின்றாள். தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுத்த தொழிலாளிகளின் பெயர்கள் ஏன் புத்தகங்களில் இல்லை என்பது அவள் கட்டுரை. மூன்று வருட உழைப்பு. மாலை ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கட்டுரை வெளிவராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

அவள் முறை வருவதற்குள் மணி மூன்றாகப் போகிறது. குண்டு குறுக்கே ஆடியது.

"முதல் பேரா என் பேரைப் போட்டாத்தான் தேறும்மா" என்றார் ஊசலார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் நேராகக் கீழே கருவியறைக்கு வந்தாள். பழைய தராசுகளையும் நுண்ணோக்கிகளையும் துடைத்துப் பாதுகாக்கும் அக்காவின் ராஜ்யம் அது.

"ஏம்மா, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"குண்டு குறுக்க ஆடிடுச்சுக்கா. அவர் பேரை முதல்ல போடணுமாம்."

"உழைச்சவங்க பேரைக் காணோம்னு மூணு வருஷமா எழுதின. இப்ப உன் பேரை நீயே பின்னால தள்ளப் போறியாக்கும்?"

"அவர் சொல்லி இதுவரைக்கும் தப்பினதே இல்லக்கா."

"தேறாதுன்னு சொன்னதை யாராவது அனுப்பிப் பாத்தாங்களா?"

ஆசிரியை யோசித்தாள். "இல்ல... அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க."

"அப்புறம் எப்படித் தப்பும்? சரி, தேறும்னு சொன்னது திரும்பி வந்தா?"

"அனுப்பின நேரம் சரியில்லம்பார்."

"மனுஷன் ரெண்டு பக்கமும் வேலி போட்டு வச்சிருக்கார்! மணி மூணுதான் ஆகுது, வா."

அக்கா ஐந்து பழுப்பு உறைகளோடும் ஓர் இரும்புத் தாங்கியோடும் மாடிக்கு வந்தாள். துறைத்தலைவர் உட்பட எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"ஐயா, இதுல எது எது தேறும்?"

குண்டு இரண்டு உறைகளுக்கு மேல் வட்டம் போட்டது. மூன்றின் மேல் குறுக்கே ஆடியது. "இந்த மூணும் குப்பை" என்றார் ஊசலார்.

அக்கா உறைகளைப் பிரித்தாள். ஐந்திலும் ஒரே கட்டுரையின் பிரதிகள். போன வருடமே வெளிவந்த கட்டுரை. எழுதியவர் துறைத்தலைவர், கூடவே ஊசலார்.

"குப்பையா?" என்றார் துறைத்தலைவர்.

"உறை... உறை தடுக்குது!"

"அப்ப உறை வேண்டாம்" என்று அக்கா நூலை வாங்கித் தாங்கியின் கொக்கியில் மாட்டி, வெறும் கட்டுரையை அடியில் வைத்தாள். குண்டின் ஆட்டம் மெல்ல அடங்கியது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் அது அசையவே இல்லை.

"இரும்புக்கு ஞானம் ஏது?" என்றார் ஊசலார்.

"அதாவது, சொல்றது குண்டு இல்ல, விரல்!" அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்ம விரல் எப்பவும் துளியூண்டு அசைஞ்சுட்டேதான் இருக்கும். மனசு எதை எதிர்பார்க்குதோ அந்தப் பக்கமா அசையும். நமக்கே தெரியாது. அசைவுக்கு ஏத்த தாளத்துல நூல் ஆடினா, துளி அசைவு பெரிய ஆட்டமாயிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்துல லேசாத் தள்ளினா உயரப் போகுமே, அதே மாதிரி. நீங்களும் பிடிச்சுப் பாருங்க சார்!"

துறைத்தலைவர் பிடித்துப் பார்த்தார். அவர் கட்டுரைக்கு மேல் குண்டு அழகாக வட்டம் போட்டது. ஊசலார் கழற்றி வைத்த செருப்பைத் தேடினார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆசிரியை கட்டுரையை அனுப்பினாள். தன் பெயர் மட்டும்.

இரண்டு மாதத்தில் பதினேழு கேள்விகளோடு அது திரும்பி வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். குண்டு என்றைக்காவது காரணம் சொன்னதா? ஆய்விதழ்க்காரர்கள் பக்கத்தோடு, வரியோடு சொல்லியிருந்தார்கள். பதினேழுக்கும் பதில் எழுதினாள். கட்டுரை வெளிவந்தது, வேலையும் நிலைத்தது. நன்றிக் குறிப்பில் முதல் பெயர் கருவியறை அக்காவுடையது.

அதைப் படித்துவிட்டுத் துறைத்தலைவர் கருவியறைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு வட்டம் போட்ட அந்த ரெண்டு உறை... பத்திரமா இருக்கா? என் அடுத்த கட்டுரையை அதுல போட்டு அனுப்பலாம்னு..."

"இருக்கு சார். கூடவே உங்க தலையும் பத்திரமாத்தான் இருக்கு. உறையைத் தேடுறதுக்கு முன்னாடி, அதைக் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்திப் பாருங்களேன்!"